ஒரு துளிக்கு முன்னால்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் கேட்டு நான் மழுப்பும்படி ஆக வேண்டாம்.

சர்க்கரை பார்க்க ரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். கையை நீட்டியதும் வழக்கம்போல முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். ரத்தம் எடுத்த பெண் சிரித்தாள்.

“எல்லாரும் இப்படித்தான் மேடம். நான் எடுக்குறதை இதுவரைக்கும் ஒருத்தர்கூட பார்த்ததில்ல.”

அவ்வளவுதான். பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள். இனி நான் சொல்லப்போகும் எதற்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. அந்த ஒரு வாக்கியம் மட்டும்தான் அவளுடையது.

நான் குடும்பக் காதல் கதைகள் எழுதுகிறவள். என் நாவல்களில் ரத்தம் ஒரே காரணத்துக்குத்தான் வரும்: கதாநாயகனுக்கு விபத்து, கதாநாயகிக்கும் அதே ரத்தப் பிரிவு. (எத்தனை முறை என்று எண்ண வேண்டாம். மன்னித்திருக்கிறீர்கள், தெரியும்.) ஆனால் அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது வேறொன்று தோன்றியது. நாள் முழுக்க ஊரார் ரத்தத்தை எடுக்கும் ஒருத்தி, தன் ரத்தத்தைத் தனக்குப் பிரியமானவன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டால்?

அப்படி ஆசைப்படுகிற தம்பதிகள் இருக்கிறார்கள் என்று தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். வயது வந்த இருவர், இருவருக்கும் முழுச் சம்மதம், சில துளிகள். முதலில் திகைத்தேன். பிறகு அதற்கு அவர்கள் எடுத்துக்கொள்ளும் முன்ஜாக்கிரதைகளைப் படித்தேன். திகைப்பு வேறு ஏதோவாக மாறிவிட்டது. கோயிலுக்குள் நுழையும்போது குரல் தானாகத் தணியுமே, ஏறக்குறைய அது.

2

ஆரம்பங்கள்:

அன்று காலையிலிருந்தே அவள் விரல்கள்

(வேண்டாம். மர்மக் கதை வாசனை அடிக்கிறது.)

ரத்தம் என்பது மனித குலத்தின்

(இது பட்டிமன்றம்.)

சரி, நேராகவே போவோம். அவளை வேலை செய்யும் இடத்தில் ‘கொசு’ என்று கூப்பிடுவார்கள். வலிக்காமல் எடுத்துவிட்டுப் போய்விடுவாளாம். கட்டிய கணவனும் அதே பெயரைப் பிடித்துக்கொண்டான். அவன் தச்சன். நாற்காலி, மேசை, கதவு. வீட்டுக்குப் பின்னால் பட்டறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட கையோடு நாற்காலிக் கால் ஒன்றை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் வாசலில் நின்று சொன்னாள்.

“ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது.”

“சொல்லு.”

சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. தேய்ப்பதை நிறுத்தினான்.

“நாள் பூரா எடுக்குறது பத்தலையா கொசு?”

“அது மத்தவங்களோடது. இது என்னோடது. நீங்க குத்தணும். நீங்க பார்க்கணும்.”

இந்த இடத்தில் எனக்கு மூன்று தச்சர்கள் கிடைத்தார்கள். முதலாமவன் கோபப்பட்டு மாமியாருக்குப் போன் போட்டான். அவனை உடனே அழித்துவிட்டேன், என் பழைய நாவல்களில் அவன் நிறையச் சம்பாதித்துவிட்டான். இரண்டாமவன் “உன் சந்தோஷம்தான் என் சந்தோஷம்” என்று சொல்லிவிட்டான். இப்படி ஒரு ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை, நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள். மூன்றாமவன் உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்:

“வேணாம்னு சொன்னா கோச்சுப்பியா?”

“மாட்டேன்.”

“நிஜமா?”

“கொஞ்சம் வருத்தமா இருக்கும். கோவம் வராது.”

“அப்போ யோசிக்கிறேன்.”

இவன்தான் மூச்சு விட்டான். இவனை வைத்துக்கொண்டேன். ‘வேண்டாம்’ என்று சொல்ல இடமிருப்பதை முதலில் தெரிந்துகொண்டபிறகுதான் இவனால் ‘சரி’யைப் பற்றி யோசிக்கவே முடிந்தது.

3

நாலைந்து நாள் கழித்து, சோறு போட்டுக்கொண்டிருந்தவளிடம் சொன்னான்: “சரி. ஆனா எப்படின்னு நீயே சொல்லு. எனக்கு மரம்தான் தெரியும்.”

“அதுக்கு முன்னாடி டெஸ்ட்.”

“என்ன டெஸ்ட்?”

“ஹெச்ஐவி. மஞ்சள் காமாலை வைரஸ் ரெண்டு, பி-யும் சி-யும். புதுசா தொத்தியிருந்தா உடனே தெரியாது, சில வாரம் கழிச்சுத்தான் காட்டும். அதனால இப்ப ஒண்ணு, அப்புறம் ஒண்ணு.”

“நான் என்ன ஊர் மேயுறவனா?”

“உங்களைச் சொல்லல. ரத்தத்தைச் சொல்றேன். அதுக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது.”

அவள் வேலை செய்யும் இடத்துக்கே போனால் மறுநாள் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பதால் வேறு தெருவிலிருந்த லேபுக்குப் போனான். எதற்கு இத்தனை டெஸ்ட் என்று அங்கிருந்த பையன் கேட்டபோது, “வீட்டுக்காரி கேட்டா” என்று சொன்னானாம். அந்தப் பையன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தானாம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

(இதில் நான் சேர்த்தது எதுவுமில்லை. பயமுள்ள காரியத்தைச் சேர்ந்து செய்யப்போகிறவர்கள் நிறையச் சிரிக்கிறார்கள்.)

பிறகு ஊசி. அவன் பெருமையாக ஓர் உளியை எடுத்துக் காட்டினான். “பாரு, முடியையே பிளக்கும். கொதிக்கிற தண்ணில போட்டு எடுத்துடலாம்.”

“அதைக் கிட்ட கொண்டுவந்தீங்கன்னா கை உடையும். பார்க்க சுத்தமா இருக்கிறது வேற, கிருமியே இல்லாம இருக்கிறது வேற.”

அவள் வாங்கி வைத்தது சர்க்கரை பார்க்க விரலில் குத்தும் சின்ன ஊசி. உறை பிரிக்காதது. ஒரு தடவை குத்தினால் அதன் ஆயுள் முடிந்தது. மறுபடி குத்துவதற்கும் கிடையாது, இன்னொருவருக்கும் கிடையாது. நேராகக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போய்விட வேண்டும், பிறகு அந்த டப்பா மருத்துவக் கழிவோடு. நாடி துடிக்கும் இடங்கள், கழுத்து, மணிக்கட்டு, முகம், இவற்றின் பக்கமே போகக் கூடாது. ஸ்பிரிட் தடவி, அது காயும்வரை பொறுக்க வேண்டும். கையுறை கட்டாயம். வாய்க்கும் கண்ணுக்கும் ரத்தம் போகவே கூடாது. அன்றைக்கு மது கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் இந்தப் பேச்சே கூடாது. தவறிப்போய் அடுத்தவர் மேல் குத்திவிட்டால் பிதுக்காமல், சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேராக டாக்டர். தொற்று வராமல் தடுக்கும் மருந்துகள் உண்டு, அவற்றைச் சில மணி நேரங்களுக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன்.

இதையெல்லாம் அவள் சொல்லச் சொல்ல அவன் கேட்டுக்கொண்டிருந்த காட்சியை எழுதும்போது என் பேனா நின்றுவிட்டது. நான் எழுதிய எந்தக் கதாநாயகனும் ஒருத்தியின் உடம்பைப் பற்றி இவ்வளவு நேரம் கேட்டதில்லை. நிலவைப் பற்றிக் கேட்டிருக்கிறான். கூந்தலைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசியிருக்கிறான். ‘உனக்கு அடிபட்டா ரத்தம் சீக்கிரம் நிக்குமா?’ என்று ஒருவனும்

(முடிக்கத் தெரியவில்லை. அப்படியே இருக்கட்டும்.)

4

அவனுடைய ரிசல்ட் இரண்டு முறையும் நன்றாக வந்தது. காகிதத்தை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டான்:

“உன்னோடது எங்கே?”

“என்னோடது என்ன?”

“டெஸ்ட்.”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஊரையெல்லாம் சோதித்தவள், கணவனை இரண்டு முறை அனுப்பியவள், தன்னை மறந்தே போயிருந்தாள். “எனக்கெதுக்கு? வேலைல சேர்ந்தப்பவே பி-க்குத் தடுப்பூசி போட்டாச்சே.”

“போட்டது சரி. புடிச்சுதான்னு பார்க்கணுமாம், லேப் பையன் சொன்னான். பார்த்தாங்களா?”

பார்க்கவில்லை. கூட வேலை செய்கிறவளிடம் ஏதோ காரணம் சொல்லிக் கையை நீட்டினாள். ஊசி வரும் நேரத்தில் முகம் தானாகச் சுவர்ப் பக்கம் திரும்பியது. திரும்பிய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. மறுபடி நேராகத் திரும்பிப் பார்த்தாள். அடர்ந்த சிவப்பு, குழாய்க்குள் அமைதியாக ஏறிக்கொண்டிருந்தது.

நான் இங்கே ஒரு வியாதியைக் கொண்டுவரப் பார்த்தேன். மூன்று பக்கம் எழுதினேன். கண்ணீர் நன்றாக வந்தது. பிறகு கிழித்தேன்; ஓர் ஆசைக்காக அவளைத் தண்டிப்பதுபோல் இருந்தது. நடந்தது இதுதான்: தொற்று எதுவுமில்லை. ஆனால் தடுப்பூசியின் காப்பும் காணவில்லை. இன்னொரு ஊசி போட்டு ஒன்றிரண்டு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

“இத்தனை வருஷமா காப்பே இல்லாமலா அந்த வேலை பார்த்துட்டிருந்தே?” என்று கேட்டான். முதல்முறையாக அவன் பயந்ததை அவள் பார்த்தாள்.

“திட்டாதீங்க.”

“திட்டல. காத்திருக்கலாம். நாற்காலிக்கு வார்னிஷ் காயுற வரைக்கும் உக்காரக் கூடாதுல்ல, அந்த மாதிரி.”

காத்திருந்தார்கள். அடுத்த பரிசோதனையிலும் தொற்றில்லை, காப்பும் வந்திருந்தது.

5

இனி அந்த ஞாயிறு.

அறையில் பகல் வெளிச்சம். மேசையைத் துடைத்துச் சுத்தமான துணி விரித்திருந்தாள். பிரிக்காத உறை, பஞ்சு, டப்பா. அவள் உட்கார்ந்திருந்தாள். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். துளி ரத்தம் எடுக்க அவளுக்கு ஆளே தேவையில்லை, கண்ணை மூடிக்கொண்டு எடுப்பாள். தன்னிடம் எதையும் மறைக்காத ஒருவன் முன்னால் கையை நீட்ட வேண்டும், அதுதான் ஆசை. அது இல்லையென்றால் இது வெறும் லேப்.

அவன் கையுறையைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே வந்தான்.

“இப்பவே எதுக்குப் போட்டீங்க?”

என் முதல் பிரதியில் அவன், “பழகிக்கத்தான்” என்றான். அவள் நம்பினாள். கதை வழுக்கிக்கொண்டு ஓடியது. அழகான முடிவுகூட வந்துவிட்டது. நான் சொல்லியிருக்காவிட்டால் உங்களுக்கும் தெரிந்திருக்காது. அதுதான் என்னை உலுக்கியது. ஒரு பொய் எவ்வளவு சுத்தமாக ஒரு காதல் கதைக்குள் உட்கார்ந்துவிடுகிறது!

இரண்டாவது பிரதி. அவன் நின்றான். கையுறையைக் கழற்றினான். கட்டை விரலில் பிளாஸ்திரி.

“காலைல உளி வழுக்கிடுச்சு. சின்னதுதான். இவ்வளவு நாள் காத்திருந்தியேன்னு, சொன்னா இன்னிக்கும் போயிடுமேன்னு…”

“மறைச்சு வெச்சீங்க.”

“வாசல் வரைக்கும் மறைச்சேன். உள்ள வந்ததும் முடியல.”

அவள் பிரிக்காத உறையை எடுத்து ஓரமாக வைத்தாள். அவனே கேட்டான், “ரெண்டு கையுறை போட்டுக்கிட்டா?”

“ரெண்டு இல்ல, இருபது போட்டாலும் இன்னிக்கு இல்ல. ரிசல்ட் நல்லா இருந்தாலும் காயம் காயம்தான்.”

“கோவமா?”

“ஆமா.” எழுந்து ஒரு ஜோடி கையுறையை மாட்டிக்கொண்டாள். “உக்காருங்க. காயத்துல என்னத்தைப் போட்டீங்க? மரத்தூளா?”

“சேச்சே.” அவன் குரல் தணிந்தது. “…கொஞ்சூண்டு.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டன. பிளாஸ்திரியைப் பிரித்துக் கழுவினாள். வெட்டின் ஓரத்தில் புதிதாக ஒரு பொட்டு கிளம்பியது. பார்த்துக்கொண்டேயிருந்தாள். எத்தனையோ ஆயிரம் பேருடையதைப் பார்த்தவள், மூச்சு விடாமல் பார்த்தாள். அவனும் முகத்தைத் திருப்பவில்லை. பிறகு பஞ்சை வைத்து அழுத்தினாள்.

“டெட்டனஸ் ஊசி எப்பப் போட்டீங்க?”

“அது…”

“எழுந்திருங்க. டாக்டர்கிட்ட போலாம்.”

இதை எழுதி முடித்த அன்று நான் வேறெதுவும் எழுதவில்லை. வீட்டில் குழம்பு தீய்ந்தது. என் கணவர் என்னவென்று கேட்டார். 

6

காயம் ஆறிவிட்டது. தோல் மூடி, தழும்பும் மங்கி, அவள் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து ‘சரி’ என்று சொல்லியாகிவிட்டது. இன்றைக்கு மறுபடி அதே மேசை. என் கையில் இரண்டு முடிவுகள் இருக்கின்றன.

ஒன்றில், துளி எழுகிறது. நிற்கிறது. ஜன்னல் அதில் தெரிகிறது. இருவரும் அதையே பார்க்கிறார்கள்.

இன்னொன்றில், அவன் உறையைப் பிரிக்கப் போகும்போது அவள் “வேணாங்க” என்கிறாள். ஏனென்று சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. மேசையை ஒழித்துவிட்டு டீ போடுகிறான். சர்க்கரை போட மறந்துவிடுகிறான்.

எதை எழுதுவதென்று கேட்க அவர்களிடமே போனேன். இந்தக் கதையில் அவர்கள் ஒருவரையொருவர் எல்லாவற்றுக்கும் சம்மதம் கேட்டார்கள், நான்தான் யாரையும் கேட்கவில்லை. நான் பாட்டுக்கு அறைக்குள் நடமாடிக்கொண்டிருந்தேன். “நான் உள்ளே இருக்கலாமா?” என்றேன்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கொசு மிகவும் மரியாதையாக, “நீங்க கொஞ்சம் வெளியில இருக்கீங்களா மேடம்?” என்றாள்.

வந்துவிட்டேன். கதவு அவன் செய்தது, சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. நீங்களும் என் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள். உள்ளே உறை பிரியும் சின்னச் சத்தம். அவன் குரல்:

“சரியா?”

அவள் பதில் சொன்னாள். எனக்குக் காதில் விழவில்லை. நீங்கள் கொஞ்சம் கதவுக்கு அருகில் நிற்கிறீர்கள், உங்களுக்குக் கேட்டிருக்கலாம். என்னிடம் சொல்ல வேண்டாம். அவள் என்ன சொல்லியிருந்தாலும் அவன் அப்படியேதான் செய்வான். இந்தக் கதையில் என்னால் உறுதியாகச் சொல்ல முடிவது அது ஒன்றுதான்.