ஏழாயிரத்து ஐந்நூறு மைல்

வாண்டாவுக்கு அந்தக் கார்க்கடையின் காப்பி வாடையே குமட்டியது. காலை பத்து மணிக்கு வந்தவள். இப்போது மணி ஒன்று. "மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்" என்று விற்பனையாளன் கேரி நாலாவது தடவையாகக் கண்ணாடி அறைக்குள் போயிருந்தான். உள்ளே இரண்டு பேரும் சாண்ட்விச் தின்றபடி சிரிப்பது இங்கிருந்தே தெரிந்தது. அவளுக்காக வாதாடுகிறானாம்! வெட்கங்கெட்டவன்.

அவள் வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்ஸ். வண்டி இல்லாவிட்டால் வேலை இல்லை. மூன்று வருஷக் குத்தகைக்கு எடுத்த பழைய வண்டியை இன்று ஒப்படைத்துவிட்டு, அதேபோல் புதிதாக ஒன்றை எடுத்தாக வேண்டும். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு முதல் நோயாளி வீட்டு வாசலில் நிற்க வேண்டும். கேரியிடம் வந்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. பக்கத்து ஊரான ஆர்மடாவில் தனியாக இருக்கும் அவன் அம்மா ஸ்டெல்லாவின் கால் புண்ணை வாரம் மூன்று நாள் கழுவிக் கட்டுகிறவள் இவள்தான். தெரிந்தவன் கழுத்தை அறுக்க மாட்டான் என்று நம்பினாள், பாவம்.

டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் வண்டியின் விலையை யாரும் சொல்வதில்லை. "எவ்வளவுக்கு எடுத்தே?" என்று கேட்டால் "இருநூத்தி எண்பது" என்பார்கள். அது மாதத்துக்குக் கட்டும் டாலர். தேவாலயத்து மீன் விருந்திலும் இதே பேச்சு, சாவு வீட்டிலும் இதே பேச்சு. கார் ஆலையில் ஓய்வு பெற்ற அண்ணனிடம், ஊழியர் குடும்பத்துக்கு விலையைக் குறைக்கும் சலுகை எண்ணை வாங்கிக்கொண்டு வந்த வாண்டாவும் அந்த ஊர்க்காரிதானே? உட்கார்ந்ததுமே, "மத்ததெல்லாம் எனக்கு வேண்டாம் கேரி. மாசம் முந்நூறைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான்" என்று சொல்லித் தொலைத்துவிட்டாள்.

கேரி பல்லெல்லாம் தெரிய வந்தான். "சாதிச்சுட்டேன்! இருநூத்தித் தொண்ணூத்தொன்பது! மேனேஜர் கால்ல விழாத குறை. நீ நம்ம குடும்பம் இல்லையா வாண்டா?"

அவள் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

"என்ன, பைபிளா படிக்கிறே? கையெழுத்தப் போடு, வீட்டுக்குப் போலாம்."

மூன்றாவது தாளின் அடியில் எறும்பு ஊர்ந்தாற்போல் ஒரு வரி இருந்தது. ஆண்டுக்கு ஏழாயிரத்து ஐந்நூறு மைல் மட்டும். அதற்கு மேல் ஓடினால் மைலுக்கு இருபத்தைந்து சென்ட்.

வருஷத்துக்குப் பதினெட்டாயிரம் மைல் ஓட்டுகிறவள் அவள். மூன்று வருஷம் கழித்து வண்டியைத் திருப்பித் தரும்போது ஏழாயிரத்து எண்ணூறு டாலருக்கு மேல் தண்டம் அழ வேண்டும்.

"என் பழைய வண்டிச் சாவியைக் குடு."

"அதா... சோதிச்சுப் பாக்கணும்னு எடுத்துட்டுப் போனாங்க. எங்க வச்சாங்கன்னு தெரியல. உக்காரேன், ஏன் அவசரம்?"

சாவியை ஒளித்து வைத்து ஆளை உட்கார வைக்கும் வித்தை! சீ, இதுவும் ஒரு பிழைப்பா? வாண்டா எழுந்து நின்றாள். அடுத்த மேசையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த இளம் தம்பதிக்குக் கேட்கட்டும் என்றே குரலை உயர்த்தினாள்.

"உங்க அம்மா வீட்டுக்குப் போக வர முப்பத்தெட்டு மைல். வாரம் மூணு தடவை. கணக்குப் போடுடா கேரி! அது மட்டுமே வருஷத்துக்கு ஆறாயிரம். மிச்சம் ஆயிரத்து ஐநூறு மைல்ல மத்த பதினோரு பேரையும் பாக்கணுமா? உனக்குத் தெரியாது?"

"கத்தாதே வாண்டா. நீதானே முந்நூறைத் தாண்டக் கூடாதுன்னே?"

"நான் வாய் தவறிச் சொன்னா, நீ குழி வெட்டித் தள்ளிடுவியா?"

அடுத்த மேசையில் பேனா நின்றுவிட்டது. "ஏங்க, நமக்கு எத்தனை மைல் போட்டிருக்காங்க?" என்றாள் அந்தப் பெண். கண்ணாடி அறைக் கதவு படாரென்று திறந்தது.

இரண்டே நிமிஷம். சாவியும் வந்தது, புதுத் தாளும் வந்தது. இருபதாயிரம் மைல், மாதம் அதே இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. அண்ணனின் சலுகை எண்ணை முதல் தாளில் போடவே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

"அப்போ இது காலையிலயே முடிஞ்சிருக்கும்?"

கேரி கழுத்து டையைச் சரிசெய்துகொண்டான்.

நல்ல பேரம்தான். ஊரில் சொன்னால் வாயைப் பிளப்பார்கள். திங்கட்கிழமையை நினைத்துக்கொண்டு வாண்டா கையெழுத்துப் போட்டாள். சீழ் பிடித்த புண்ணைத் தொட்டபோதுகூட வராத அருவருப்பு, அவன் நீட்டிய பேனாவைத் தொட்டபோது வந்தது. இவனிடம் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்த தன் மேலும் வந்தது.

புது வண்டியின் கதவைத் திறக்கும்போது கேரி பின்னாலேயே ஓடி வந்தான். குரல் கீழே இறங்கியிருந்தது.

"வாண்டா... திங்கட்கிழமை அம்மாவைப் பாக்க வருவேல்ல?"

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"வருவேன். உன்னைப் பெத்ததைத் தவிர அவங்க என்ன பாவம் பண்ணாங்க?"