படத்தின் பின்பக்கம்

எங்கள் வீட்டுக்காரருக்குப் புத்தகம் சேர்க்கிற பைத்தியம். பைத்தியம் என்றால் அவருக்குக் கோபம் வரும். வரட்டும். தென்காசி தாலுகா ஆபீஸ் கிளார்க் ஞானசம்பந்தம் என்றால், "அந்தத் துப்பறியும் நாவல்காரரா?" என்றுதான் ஊரில் கேட்பார்கள். மாதம் ஒன்றாக வருகிற நாவல் அத்தனையும் கண்ணாடி பீரோவில் வரிசையாக நிற்கும். அட்டையில் துப்பாக்கி, ரத்தம், தலைவிரித்து அலறுகிற பெண். பூச்சி அரிக்காமல் இடையிடையே வசம்பு வைக்கிறவள் நான். சாரல் விட்டு வெயில் வந்தால் வெளியே எடுத்துக் காயவைக்கிறவளும் நான்தான். ஆனால் நான் அதைத் திறந்து படிக்கக் கூடாது, அட்டை மடங்கிவிடுமாம்.

எனக்கும் ஒரு சேகரிப்பு இருந்தது. அதைச் சேகரிப்பு என்று அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை.

வியாழக்கிழமை தோறும் அவர் ஸ்டேஷன் கடையில் ஒரு வாரப் பத்திரிகை வாங்குவார். அதில் ஒரு தொடர்கதை வந்தது. வாரா வாரம் அந்தத் தாள்களை மட்டும் கிழித்து அடுக்கி, முடிந்ததும் கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டையைப் போட்டு வைத்துக்கொள்வது என் திட்டம். அதே பத்திரிகையில் ஒரு படக்கதையும் வந்தது. குதிரை, முகமூடி, சாட்டை. அது அவருக்கு. கத்தரித்து ஒரு பெரிய நோட்டில் ஒட்டி ஆல்பமாக்கினார். கதை எனக்கு, படம் அவருக்கு. எட்டு வாரம் ஒரு தகராறும் இல்லை.

ஒன்பதாவது வாரம் பத்திரிகைக்காரன் படக்கதையைக் கொண்டுபோய் என் கதைத் தாளின் பின்பக்கம் போட்டான்.

அவர் அதை ஆபீசிலேயே கத்தரித்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார். என் கதை நடுவில் சதுரமாக ஓர் ஓட்டை. அதன் வழியாக அவர் சட்டைப் பொத்தான் தெரிந்தது. நான் கத்தினேன். "படத்துக்குப் பின்னாடி என்ன இருந்தா எனக்கென்னட்டி?" என்றார். இன்னொரு பிரதி வாங்குங்கள் என்றேன். "ஒரே புஸ்தகத்த ரெண்டா வாங்குத வீடு எங்கயாவது உண்டா?" என்றார். நாவல் அட்டையில் கீறல் விழுந்தால் அதே நாவலை ஓடிப்போய் இன்னொன்று வாங்கி வருகிற மனுஷன்! நான் படித்த பிறகாவது கத்தரியுங்கள் என்றேன். ஆபீஸ் கத்தரிக்கோல்தான் நேராக வெட்டுமாம். பத்திரிகை ஆசிரியருக்கே கார்டு எழுதிப் போட்டேன். பதில் வரவில்லை.

கதை ஐம்பத்திரண்டு வாரம் ஓடியது. நாற்பத்து நான்கு ஓட்டை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் படம் ஒட்ட மைதாவைக் கரைத்து, பூச்சி வராமல் மயில்துத்தம் போட்டுப் பசை காய்ச்சிக் கொடுத்தவளும் நான்தான். என் கதையை என் பசையாலேயே ஒட்டினார்.

மற்ற ஓட்டைகளை எப்படியோ பொறுத்துக்கொண்டேன். நாற்பத்தோராவது வாரத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. கதையில் வருகிற பூங்கோதையைப் புருஷன் வீட்டை விட்டுத் துரத்திவிட்டு வேறொருத்தியைக் கொண்டுவந்து வைத்துக்கொள்கிறான். அவள் பிறந்த வீட்டுக்கு வந்து அவனுக்கு ஒரு கடிதம் எழுதுகிறாள். "அவள் பேனாவை எடுத்தாள்" என்று இருக்கிறது. அதற்கப்புறம் ஓட்டை. அடுத்த வாரம் அவன் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு விழுந்தடித்துக்கொண்டு ஓடி வருகிறான். அப்படி என்னதான் எழுதினாள்?

நூலகத்துக்குப் போனேன். அங்கும் அந்தத் தாளை யாரோ கிழித்திருந்தார்கள். பக்கத்துத் தெரு ஷமீம் பானு அதே பத்திரிகை வாங்குகிறவள். அவளுடைய பிரதி செங்கோட்டையில் அவள் அக்கா வீட்டுக்குப் போய், அங்கிருந்து புனலூருக்குப் போய்விட்டது. "என்ன எழுதியிருந்தா?" என்று கேட்டேன். "என்னமோ உருக்கமா எழுதியிருந்தாக்கா. எனக்கு அழுகை வந்துட்டு. வார்த்தைதான் ஞாபகம் இல்ல" என்றாள்.

ஆறு வருஷம் அந்தக் கடிதத்தை நானே மனசுக்குள் எழுதினேன். சோறு வடிக்கும்போது, துணி துவைக்கும்போது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி. அதில் பாதி பூங்கோதை கேட்க வேண்டியது, மீதி நான் கேட்க வேண்டியது.

அறுபத்து மூன்றாம் வருஷம் ஆடியில் சீசனுக்குக் குற்றாலம் வந்திருந்த அருமைநாயகம் என்பவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தூத்துக்குடிக்காரர், இவரைப் போலவே நாவல் சேர்க்கிறவர். ஆல்பத்தைப் புரட்டிப் புரட்டி வாயைப் பிளந்தார். பீரோவின் அடித்தட்டில் நான் தைத்து வைத்திருந்த கதைப் புத்தகம் அவர் கண்ணில் பட்டது. எடுத்தார். ஓட்டை வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இதென்ன தங்கச்சி, ஜன்னல் வச்ச புஸ்தகம்?"

எங்கள் வீட்டுக்காரர் பலமாகச் சிரித்தார். "அது இவ சேத்தது. பொம்பளைக் கதைதானே அண்ணாச்சி. பாதி இல்லாட்டாலும் வெளங்கிரும்லா."

இரண்டு பேரும் இட்லியைத் தின்றுவிட்டு ஐந்தருவிக்குக் குளிக்கப் போனார்கள். ஆல்பம் பெஞ்சிலேயே திறந்து கிடந்தது. ஒரு வாரமாக விடாத சாரல், வீடெல்லாம் ஈரம். மூடி வைக்கப் போனபோது பார்த்தேன், ஒரு படத்தின் ஓரம் பசை விட்டு மேலே சுருண்டிருந்தது. அதன் அடியில் எழுத்து தெரிந்தது. என் கதையின் எழுத்து, ஒரு வரிகூட அழியாமல்.

பசையில் எல்லாம் நாசமாகிவிட்டது என்று ஆறு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். கூடத்திலேயே இருந்திருக்கிறது! வந்தவன் போனவனெல்லாம் அதன் முதுகில் இருக்கிற குதிரையைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான்.

நாற்பத்தோராவது வாரத்தைத் தேடினேன். அது கெட்டியாக ஒட்டியிருந்தது. நோட்டிலிருந்து அந்தத் தாளைக் கிழித்தேன். பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உள்ளே போட்டேன். கொஞ்ச நேரத்தில் பசை நொளநொளத்துப் படம் தனியாகக் கழன்று வந்தது. திருப்பிப் படித்தேன்.

"பிழையெல்லாம் என்னுடையது. தங்களுக்கேற்ற மனைவியாக நடந்துகொள்ள எனக்குத் தெரியவில்லை. தங்கள் பாதங்களில் விழுந்து கேட்கிறேன். என்னை மன்னித்து ஏற்றுக்கொள்ளுங்கள்."

இவ்வளவுதான். இதற்கா ஆறு வருஷம்! இதைப் படித்துவிட்டா அவன் ஓடி வந்தான்? ஓடித்தான் வருவான், அவனுக்கு வலிக்கவா செய்யும்? எழுதினவன் கையில் கொள்ளி வைக்க வேண்டும் போலிருந்தது. பூங்கோதையையும் ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது.

ஆனாலும் அது என் கதை. நல்லதோ கெட்டதோ, முழுசாக என்னிடம் இருக்கட்டும். மிச்சம் நாற்பத்து மூன்றையும் கிழித்துத் தண்ணீரில் போட்டேன். ஒவ்வொன்றாகக் கழற்றிக் கூடத்தில் பாய் விரித்து, என் பக்கம் மேலே இருக்கும்படி வரிசையாகக் காயப் போட்டேன். ஒரு குதிரைகூட வெளியே தெரியவில்லை.

மத்தியானம் ஈரத்தலையோடு அவர் வந்தார். பின்னாலேயே அருமைநாயகம். எங்கள் வீட்டுக்காரர் பாயைப் பார்த்தார், தாள் கிழிந்து மெலிந்து கிடந்த ஆல்பத்தைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டு கீழே விழுந்தது.

"ஏட்டி, என்ன காரியம் செஞ்சிருக்க! எத்தன வருச உழைப்பு!"

"படம் அடியில பத்திரமா இருக்கு" என்றேன்.

"வந்த மனுஷர் முன்னால என் மானத்த வாங்கிட்டியே! செய்யுததயும் செஞ்சுட்டுக் கல்லு மாதிரி நிக்க. ஒரு மன்னிப்புக் கேக்கணும்னாவது தோணுதா ஒனக்கு?"

நாற்பத்தோராவது வாரத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"மன்னிப்புத்தானே? இந்தா இருக்கு. படிங்க."

அவர் படித்தார். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பக்கத்தைப் படித்தார். அவர் ஈரத்தலையிலிருந்து தண்ணீர் தாளில் சொட்டிக்கொண்டிருந்தது. அருமைநாயகம் வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"இது ஒங் கதையில வர்றதுல்லா?" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"ஆமா" என்றேன். "கதையில மட்டுந்தான் வரும்."