மாமனாரின் நடை

கால்பந்து மைதானத்தில் ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவரின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. ஸ்ட்ரெச்சரில் கிடப்பவனைத்தான் பார்ப்பார்கள். மாமனாருக்கு இது வருஷக்கணக்கான வயிற்றெரிச்சல். பெற்ற மகளே ஓர் ஆட்டக்காரனைக் கட்டிக்கொண்ட பிறகு அந்த எரிச்சலுக்கு வீட்டுக்குள்ளேயே விறகு கிடைத்துவிட்டது.

மருமகன் லேசுப்பட்ட ஆட்டக்காரன் இல்லை. பஸ்ஸின் முதுகிலும் சோப்பு அட்டையிலும் பல் டாக்டர் வாசலிலும் அவன்தான் சிரித்துக்கொண்டிருந்தான். ஊரே அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. அவனுடைய சம்பளத்தைத் தன் சம்பளத்தால் வகுத்துப் பார்க்க மாமனார் ஒருமுறை உட்கார்ந்தார். பாதியிலேயே பேனாவை மூடிவிட்டார். இரண்டு பேருக்கும் படியளப்பது ஒரே கிளப் என்பதைத்தான் அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

ஆட்டத்தன்று காலையில் மகள் வீட்டுக்குச் சாப்பிடப் போனார். உப்பு வேண்டுமென்றால் ஓர் ஆள் எழுந்து நடந்து போய் எடுத்து வர வேண்டும், அவ்வளவு நீள மேஜை.

"மாமா, பேசாம அந்த வேலைய விட்டுடுங்களேன்," என்றான் மருமகன். "என் மாமனார் ஸ்ட்ரெச்சர் தூக்குறாருன்னு டீம்ல பசங்க ஓட்டுறாங்க. உங்களுக்கு மாசாமாசம் நான் குடுத்துடறேன்."

"பிச்சை போடுறீங்களா மாப்ள?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல மாமா."

"ஒரு பந்து பின்னாடி ஓடுறதுக்கு உங்களுக்கு அவ்ளோ. அடிபட்டவனத் தூக்கிட்டு ஓடுற எனக்கு எவ்ளோ? நீங்களே நியாயம் சொல்லுங்க."

மருமகன் நெஞ்சை நீவிக்கொண்டு தட்டைத் தள்ளி வைத்தான். "காலைலேர்ந்து ஒரு மாதிரி கரிக்குது," என்றான் மனைவியிடம்.

"பேப்பர்ல போடச் சொல்லுங்க மாப்ள. உங்க நெஞ்சு கரிச்சா அதுக்கும் தனியா ஏதாச்சும் குடுப்பாங்க."

மகளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அவர் ஆடுறதப் பாக்க ஆளு வருது, குடுக்குறாங்க. உங்களுக்கு எங்க எரியுதுப்பா? நீங்க ஸ்ட்ரெச்சர் தூக்குறதப் பாக்க எவனாச்சும் டிக்கெட் வாங்குறானா? உங்களுக்குன்னு ஒருத்தராச்சும், ஒரே ஒருத்தராச்சும், இதுவரைக்கும் கை தட்டிருக்காங்களா?"

மாமனாரின் முகம் செத்துப்போனது. கேட்டதில் பொய் ஒன்றும் இல்லை, அதனால்தான் வலித்தது. "தட்டுவாங்கடி. நீயே பாப்ப," என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். எப்படித் தட்டுவார்கள் என்று அவருக்கே தெரியாது. ஆனால் அவளுடைய கண் முன்னால், ஒரே ஒரு தடவையாவது அது நடந்தாக வேண்டும் என்று குழாயடியில் நின்றபோது மனசு அடித்துக்கொண்டது.

இங்கே கிளப்பின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். நம் அணி முன்னிலையில் இருக்கும்போது, கடைசி நேரத்தில் நம் ஆட்டக்காரன் ஒருவன் விழுவான். வலியெல்லாம் ஒன்றும் இருக்காது. நேரத்தை இழுத்தடிக்கிற நாடகம் அது. அப்போது ஸ்ட்ரெச்சர் ஊர்வலம் போவதுபோல மெதுவாக வர வேண்டும். நிஜமாகவே அடிபட்டால்? அதற்கும் மேனேஜர் ஒரு விதி வைத்திருந்தார். நிஜமென்றால் விழுந்தவன் உள்ளங்கையால் தரையை ஓங்கி அடிப்பான். அடித்தால் ஓடு, அடிக்காவிட்டால் நட. ஆட்டக்காரர்கள், டாக்டர், ஸ்ட்ரெச்சர்காரர்கள் எல்லோருக்கும் இது அத்துப்படி. கைதூக்கவே தெம்பில்லாமல் ஒருவன் விழுந்தால் என்ன செய்வது என்று அந்தப் புத்திசாலிகளில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அன்று மதியம் நம் அணி ஒரு கோல் முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடியப்போகிற நேரம். பந்து எங்கோ கிடக்க, மருமகன் நடு மைதானத்தில் முகங்குப்புற விழுந்தான். பக்கத்தில் யாருமே இல்லை. நாடகமென்றாலும் ஒரு ஆள் மேல் மோதிவிட்டு விழ வேண்டாமா என்று மாமனாருக்கே சிரிப்பு வந்தது. நம் ஆட்டக்காரர்கள் ஓரமாக வந்து தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார்கள். இந்த நாடகத்தைப் பார்த்துச் சலித்த நடுவர் தன் கைக்கடிகாரத்தைக் காட்டி, சீக்கிரம் வரச் சொன்னார்.

ஸ்ட்ரெச்சரின் முன்பக்கம் மாமனார், பின்பக்கம் நெட்டை என்று எல்லோரும் கூப்பிடுகிற கூட்டாளி. அவர்களுக்குப் பின்னால் கண்ணாடியைத் துடைத்தபடி டாக்டர். மூன்று பேரும் நடந்தார்கள்.

முதலில் குடும்பத்தார் உட்காரும் பக்கத்திலிருந்து கைதட்டல் கேட்டது. மாமனாரின் காலடிக்கு ஏற்ப, தாளம் போட்டு. அது அடுத்த வரிசைக்குத் தாவி, பிறகு அரங்கம் முழுக்கப் பிடித்துக்கொண்டது. அவர் வலது காலை வைத்தால் ஒரு தட்டு, இடது காலை வைத்தால் ஒரு தட்டு. மாமனார் நிமிர்ந்து பார்த்தார். மகள் எழுந்து நின்று, சிரித்துக்கொண்டே, தலைக்கு மேல் கையை உயர்த்தித் தட்டிக்கொண்டிருந்தாள். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சந்தோஷத்தில் கண்கூடக் கலங்கியது.

எதிரணித் தலைவன், மொட்டை என்று பெயரெடுத்தவன், மருமகன் பக்கத்தில் மண்டி போட்டுக்கொண்டு கத்தினான். "ஓடி வாங்கய்யா! யோவ், ஓடி வாங்க!"

"அவனுக்கு அவசரம், தோக்குறான்ல," என்றார் மாமனார்.

நெட்டை தயங்கினான். "அண்ணே, ஆளு அசையவே இல்லையேண்ணே."

"தரைய அடிச்சாரா?"

"அடிக்கல."

"அப்புறமென்ன? நடடா."

மொட்டை இப்போது இரண்டு கையாலும் கும்பிட்டான். கூட்டம் அதற்கும் சிரித்தது. மாமனாருக்கு ஆசை விடவில்லை. ஸ்ட்ரெச்சரைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்து, அவிழாத ஷூ கயிற்றை அவிழ்த்து, மறுபடி நிதானமாகக் கட்டினார். அரங்கமே அதிர்ந்தது. மருமகனுக்குக்கூட இந்தக் கைதட்டல் விழுந்ததில்லை என்று நினைத்துக்கொண்டார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மொட்டை மருமகனைப் புரட்டிப் போட்டு நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தான். அழுதுகொண்டே அமுக்கினான். மருமகனின் உதடு நீலம் பாரித்திருந்தது, வாயில் புல். டாக்டர் கையிலிருந்த கண்ணாடி கீழே விழுந்தது.

பிறகு ஓடினார்கள். மாமனார் வாழ்நாளில் அப்படி ஓடியதில்லை. கூட்டத்துக்கு எதுவும் புரியவில்லை. ஜெயிக்கிற நேரத்தில் ஸ்ட்ரெச்சர் ஓடுவதைப் பார்த்துக் கோபம் வந்துவிட்டது. "ஊ" என்று ஊளையிட்டார்கள். எவனோ தண்ணீர் பாட்டிலை விட்டெறிந்தான். அது மருமகனின் மேல்தான் விழுந்தது. அவன் அசையவில்லை.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் வெளியே வந்து, தலையாட்டி, சொல்ல வேண்டியதைச் சொன்னார். மகள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அந்த டாக்டர் உள்ளே திரும்பும்போது நர்ஸிடம் "கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா" என்று தாழ்ந்த குரலில் ஆரம்பித்தது மாமனாரின் காதில் விழுந்தது. கதவு மூடிக்கொண்டது.

மேனேஜர் வந்தார். மாமனாரைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போனார். "உங்க மேல தப்பில்ல. விதிப்படிதான் நடந்தீங்க. ஆனா அந்த விதியப் பத்தி வெளிய மூச்சு விடாதீங்க. உங்க வேலைக்கு நான் பொறுப்பு." பேசும்போதே அவர் கையிலிருந்த போனில் ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. மாமனார் நடக்கிறார், உட்கார்கிறார், கயிறு கட்டுகிறார். யாரோ அதற்கு மேளச் சத்தம் சேர்த்திருந்தார்கள். ஆள் செத்த சேதி இன்னும் வெளியே போகவில்லை. ஊர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தது. முதல் தடவையாக எல்லோரும் அவருடைய முகத்தைப் பார்த்தார்கள்.

மாமனார் மகளிடம் வந்து நின்றார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் நிமிரவில்லை.

"அப்பா, அந்தக் கயிறு நெசமாவே அவுந்திருந்துச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது. "இல்லம்மா," என்றார்.

அவள் மடியில் கிடந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலைல அப்படிப் பேசிட்டமேன்னு எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சுப்பா," என்றாள். "அதான் நான் தட்ட ஆரம்பிச்சேன். பக்கத்துல இருந்தவங்களையும் தட்டச் சொன்னேன். எங்கப்பான்னு சொன்னேன்."

மாமனார் அந்தக் கைகளைப் பிடிக்கக் குனிந்தார். அவள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.