ஜன்னலுக்கு முட்டுக்கொடுத்த புத்தகம்

மேசைமேல் கைப்பேசி நடுங்கி நகர்ந்து தேநீர்க் கோப்பையில் முட்டியது. அகேயோ எடுத்ததுமே தம்பி ஒகெல்லோ படபடத்தான்.

"அக்கா, கூண்டுல மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்குது. நேத்து அடிச்ச காத்துலேருந்தே இப்படித்தான். பசி போல. தீவனத்தக் கொட்டிக்கிட்டே இருக்கேன், திங்க மாட்டேங்குது."

"எங்க நிலையத்து ஆராய்ச்சிக்காரங்க எல்லாம் நைரோபி கூட்டத்துக்குப் போயிட்டாங்களேடா."

"நீ இருக்கேல்ல? ஏரியப் பத்தின காகிதம் பூரா உன் நூலகத்துலதானே கெடக்கு? பாத்துச் சொல்லு. அதுவரைக்கும் இன்னொரு மூட்டையப் பிரிக்கிறேன்."

"சரி, பிரி" என்றாள்.

நைரோபியில் யாரோ ஒருவருடைய வீட்டு வாசலில் காவல் நின்ற வேலையை உதறிவிட்டு வந்து, ஏரியில் வலைக்கூண்டு போட்டு மீன் வளர்ப்பவன் ஒகெல்லோ. மீன் விற்கிற பருவத்துக்கு வந்துவிட்டது. இது செத்தால் மறுபடி அந்த வாசல்தான்.

கணினியில் 'மீன் சாவு' என்று தட்டினாள். ஒன்றுமில்லை. 'செத்த மீன்' என்றதற்கு, கருவாடு போடும் முறைகள் வரிசையாக வந்தன. 'மூச்சுத் திணறல்' என்றால் மறுபடி வெறுமை. வாய்க்கு வந்த பேரெல்லாம் அதற்குத் தெரியாது. ஒவ்வொரு அறிக்கையையும், அந்தந்தத் துறைக்கான சொற்களஞ்சியத்தில் எந்தச் சொல் இருக்கிறதோ அதன்கீழ்தான் சேர்த்திருந்தார்கள். அந்தச் சொல் தெரிந்தால் கதவு திறக்கும். அலமாரியில் வேளாண்மைக்கு ஒன்று, பொறியியலுக்கு ஒன்று, மருத்துவத்துக்கு ஒன்று என்று தூசியோடு நின்றன. நீரியல் சொற்களஞ்சியம் இருக்கவேண்டிய இடம் மட்டும் பல் விழுந்த ஈறு மாதிரி இருந்தது.

"நபுலா, நீரியல் புத்தகம் எங்கடி?"

பக்கத்து மேசையில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த நபுலா நிமிரவில்லை. "அந்தத் தடியனா? நம்ம பெரிய சார் மாதிரி, சும்மா ஒரே எடத்துல உக்காந்து காத்து வாங்குது, பாரு." முகவாயால் ஜன்னலைக் காட்டினாள்.

கொக்கி உடைந்த ஜன்னல் மூடிக்கொள்ளாமலிருக்க, அதைச் சட்டத்தில் செருகியிருந்தார்கள். அகேயோ பிடுங்கியதும் கதவு படாரென்று அறைந்தது. காகிதங்கள் பறந்தன.

மழையில் உப்பிய தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. எச்சில் தொட்டுப் பிரித்தாள். 'மீன் சாவு: திரள் இறப்பு என்பதில் காண்க.' அந்தச் சொல்லுக்குப் புரட்டினாள். அதன்கீழே தொடர்புடைய சொற்கள்: நோய், நச்சு, அடிநீர் மேலெழுதல். முதல் இரண்டையும் விரல் தாண்டிப்போய் மூன்றாவதில் நின்றது. நேற்றுக் காற்றடித்ததிலிருந்துதான் இப்படி என்றானே தம்பி.

தட்டினாள். கணினியில் ஒரே ஓர் அறிக்கை வந்தது. இதே ஏரி, இதே கரை.

நின்றபடியே படித்தாள். காற்று ஏரியைக் கலக்கும்போது அடியில் கிடக்கும் உயிர்க்காற்றில்லாத நீர் மேலே வரும். மீன் வாய் பிளப்பது மூச்சுக்கு. கூண்டுகளைக் கரையைவிட்டு, ஏரியின் ஆழமான பகுதிக்கு இழுத்துப் போகவேண்டும். தீவனத்தை உடனே நிறுத்தவேண்டும்; தின்னாமல் கிடக்கும் தீவனம் அழுகி, மிச்ச மூச்சையும் குடித்துவிடும்.

"ஐயோ, நானே இன்னொரு மூட்டையப் பிரிக்கச் சொன்னேனே."

அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள்.

"படகுல இருப்பான். கைப்பேசியக் கரையிலயே வெச்சிருப்பான்" என்றாள் நபுலா. இப்போது அவள் குரலில் கேலி இல்லை.

'தீவனம் போடாதே. கூண்டைக் கரையைவிட்டு ஆழமான பக்கம் இழு' என்று செய்தி அனுப்பிவிட்டு மறுபடி அழைத்தாள்.

ஜன்னல் திறந்து, மீண்டும் அறைந்தது.

"கண்ணாடி ஒடையப்போகுதுடி. அந்தப் புத்தகத்தக் குடு."

அகேயோ கொடுக்கவில்லை. புத்தகத்தை மார்போடு இடுக்கிக்கொண்டு போய், உள்ளங்கையால் கதவை அழுத்திப் பிடித்தாள். அந்தப் பக்கத்திலிருந்து ஏரிக்காற்று, அழுகிய சேற்று வாடையோடு, அவள் கையைத் தள்ளிக்கொண்டே இருந்தது. காதில் மணி அடித்துக்கொண்டிருந்தது.