செவ்வாய்க்கிழமை சமாச்சாரம்

ஒரு ஆளுக்கு எதற்கு அத்தனை பெரிய பானை? மிரானைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. பூசானில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறுநூறு பிள்ளைகளுக்குத் தினமும் மெனு போட்டு, அரிசி இவ்வளவு காய் இவ்வளவு என்று அளந்து கொடுப்பவள் அவள். அளவாகச் சமைக்கிற கையே அவளுக்குப் போய்விட்டது. போதாததற்குக் காய்ந்த கடற்பாசி இருக்கிறதே, அது பொல்லாதது. ஒரு பிடி ஊறப்போட்டால் ஒரு சட்டி ஆகிவிடும். வியாழக்கிழமை அவள் ரெண்டு பிடி போட்டுவிட்டாள். மாட்டிறைச்சியும் நல்லெண்ணெயும் சேர்த்து வதக்கி, தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, அடுப்புப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள். நிற்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவளுக்குக் கரு கலைந்துபோயிருந்தது. ஒன்பது வாரம்.

ஆஸ்பத்திரியில் ஒரு வயசான நர்ஸ், "இதுவும் பிரசவந்தாம்மா. பெத்தவளுக்கு என்னென்ன பண்ணுவாங்களோ அத்தனையும் உனக்கும் பண்ணணும். குளிர்ந்த தண்ணியில கை வைக்காத. வீட்டுல சொல்லி கடற்பாசி சூப்பு வச்சுத் தரச் சொல்லு" என்று சொல்லி அனுப்பினாள். அந்த ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு வாரக்கணக்கில் அந்த சூப்புதான். அப்புறம் அந்தப் பிள்ளையின் பிறந்தநாள் வரும்போதெல்லாம் காலையில் அதே சூப்பு. மற்ற நாளில் வைக்கக் கூடாது என்றில்லை, ஆனால் இத்தனை பெரிய பானை நிறைய வைத்தால் எவனும் "யாருக்குப் பிறந்தநாள்?" என்றுதான் கேட்பான்.

வீட்டில் சொல்லி வைத்துத் தரச் சொல்ல வேண்டுமாம். வீட்டில் யார் இருக்கிறார்கள்? அம்மா போய் ஏழு வருஷம் ஆகிறது. புருஷன் கிசோக்குக்கு வெளியூரில், சேஜோங் நகரத்தில் அரசாங்க உத்தியோகம். வெள்ளி ராத்திரி ரயிலில் வருவான், ஞாயிறு சாயங்காலம் போவான். வாரக்கடைசிப் புருஷன், வாரக்கடைசிப் பொண்டாட்டி. அந்த நாட்டில் இப்படி எத்தனையோ பேர்.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் சொல்லிவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அங்கேதான் சிக்கல்.

போன வருஷம் கிசோக் விழுந்தான். தடுக்கி விழவில்லை, உள்ளுக்குள் விழுந்தான். ராத்திரி பகல் பார்க்காமல் ஃபைல் பார்த்து, முகத்தின் ஒரு பக்கம் அக்கிக் கொப்புளம் கிளம்பி, கண்ணே போய்விடுமோ என்று ஆகிவிட்டது. கொப்புளம் ஆறின பிறகும் மனசு ஆறவில்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு உட்கார்ந்து அழுவான். வெளியே கதவில் காதை வைத்து மிரான் நிற்பாள். அப்படியே மூன்று மாசம் போனது.

அப்புறம் ஆபீசில் யாரோ ஒருவர் வந்து வாழ்க்கையைச் சமனாக வைத்துக்கொள்வது எப்படி என்று பேசினாராம். கிசோக் வீட்டுக்கு வந்து வெள்ளைத்தாளில் ஒரு வட்டம் போட்டான். அந்த ஊரில் பள்ளி லீவுக்குப் பிள்ளைகள் ஒரு நாளை மணிவாரியாகத் துண்டு துண்டாக வெட்டி வரைவார்களே, அதே மாதிரி. நீலம் வேலை, பச்சை உடம்பு, சாம்பல் தூக்கம், மஞ்சள் நாம ரெண்டு பேர். மஞ்சள் முழுக்க சனி ஞாயிறில். வாரநாளில் தினம் சாயங்காலம் ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் ஃபோன்.

"ஒண்ணே ஒண்ணு, மிரான்," என்றான் அன்றைக்கு. "வாரநாள் கஷ்டத்தை வாரநாளோட விட்டுடணும். நானும் கொண்டுவர மாட்டேன், நீயும் கொண்டுவராத. நமக்குன்னு இருக்கறதே ரெண்டு நாள். அதுலயும் ஒப்பாரி வச்சா எப்படி?"

"அப்ப எங்க தலைமை ஆசிரியரைத் திட்டணும்னா?"

"வியாழக்கிழமைக்குள்ள திட்டி முடிச்சிடு."

சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வாள்? அவன் வாயிலிருந்து தமாஷ் வந்து மாசக்கணக்காகியிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வட்டம் வேலையும் செய்தது. அவன் நடந்தான், தூங்கினான், இளைத்தான், சனிக்கிழமை கடற்கரையில் அவளைத் துரத்திப் பிடித்தான். யாராவது வந்து அந்தத் தாளைக் கிழிக்கச் சொன்னால் அவர் கையை மிரான் ஒடித்திருப்பாள்.

ஆறு வருஷமாகப் பிள்ளைக்குக் காத்திருந்து, இனி இல்லை என்று இருவரும் பேசாமலே முடிவுகட்டியிருந்த நேரத்தில்தான் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. ஃபோனில் சொல்லக் கூடாது, முகத்தைப் பார்த்துத்தான் சொல்லணும் என்று வைத்துக்கொண்டாள். முதல் சனிக்கிழமை, இதயத்துடிப்பு கேட்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். துடிப்பு கேட்டாகிவிட்டது. டாக்டர் ஒரு சின்ன ஸ்கேன் படம் கொடுத்தார். ஆனால் அடுத்த ரெண்டு வாரம் அவனால் வர முடியவில்லை. பார்லிமென்ட் கணக்குக் கேட்கிற மாசம், ஊரை விட்டு அசைய விடவில்லை. இந்த வெள்ளிக்கிழமை கட்டாயம் வருகிறேன் என்றான். சரி, வெள்ளிக்கிழமை சொல்லலாம் என்றிருந்தாள். செவ்வாய்க்கிழமை முந்திக்கொண்டது.

அன்றைக்கு ஏழு மணிக்கும் ஃபோன் வந்தது.

"இன்னிக்கு எத்தனை அடி நடந்தேன் சொல்லு பார்ப்போம்!"

"எவ்வளவு?"

"பத்தாயிரத்து எழுநூறு! மதியம் சாப்பிட்டுட்டு ஆத்தங்கரை ஓரமாவே போயிட்டு வந்தேன். காத்து என்ன சுகமா இருந்துச்சு தெரியுமா?"

"அடேங்கப்பா," என்றாள் மிரான். வயிற்றின்மேல் வெந்நீர்ப்பை இருந்தது. "நல்லாத் தூங்குங்க."

பள்ளிக்கூடத்தில் வயிறு சரியில்லை என்று ரெண்டு நாள் லீவு. வியாழக்கிழமை வேலைக்குப் போனபோது சமையல்கார அக்கா ஒருத்தி, "சாப்பாட்டுக்காரிக்கே வயித்துக் கோளாறா? அப்ப பிள்ளைங்க கதி என்னடி?" என்று கேலி பண்ணினாள். எல்லோரும் சிரித்தார்கள். மிரானும் சேர்ந்து சிரித்துவிட்டு, அரிசி மூட்டைகள் இருக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சொல்வதா வேண்டாமா? சொன்னால், பாடுபட்டு எழுந்து நின்ற மனுஷன் மறுபடி குளியலறைக்குள் போய்விடுவானோ என்று பயம். சொல்லாமல் இருந்தால், இந்தப் பிள்ளை ஒன்று இருந்ததே அவளைத் தவிர யாருக்கும் தெரியாமல் போய்விடும். கடைசியில் சொல்வதில்லை என்றே முடிவெடுத்தாள். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்ததும் ஒரு கிண்ணம் குடித்துவிட்டு, மிச்சத்தை ஃபிரீஸரில் அடைத்து, பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டியது. அவன் எட்டு மணிக்குத்தானே வருவான்.

அவன் ஆறு அடிக்கும் முன்னால் வந்து நின்றான்.

"பார்லிமென்ட் தொல்லை ஒழிஞ்சுதுடீ! எங்க ஆபீஸ் தலைவரே சீக்கிரம் போடான்னு துரத்திட்டார்." ஷூவை உதறி எறிந்துவிட்டு உள்ளே வந்தான். கன்னமெல்லாம் சிவந்து, நல்ல களையாக இருந்தான். "என்ன வாசனை? பசி உயிர் போகுது."

அவள் "இருங்க" என்று எழுவதற்குள் மூடியைத் திறந்துவிட்டான்.

அவ்வளவுதான், அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. பானையைப் பார்த்தான். மேஜைமேல் அவள் பாதி குடித்து வைத்திருந்த கிண்ணத்தைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். வெளிறி, கண் வீங்கி, நாலு நாளாகச் சரியாகத் தூங்காத முகம். அவன் முகம் வெளுத்துப்போனது.

"அய்யோ, மிரான்," என்றான். மூடியைக் கீழே வைத்துவிட்டு வந்து அவள் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "நீயே வச்சு, நீயே தனியா உட்கார்ந்து குடிச்சியா? நான் ஒரு மனுஷனா?"

தலையை மட்டும் ஆட்டினாள்.

"இரு. இங்கேயே இரு. இதோ வந்துடறேன்." போட்டிருந்த கோட்டோடு, செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினான்.

தெரிந்துகொண்டான்! சொல்லாமலேயே தெரிந்துகொண்டான்! மிரான் அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதாள். நாலு நாளில் முதல்தடவையாக மூச்சு முழுசாக உள்ளே போனது. எங்கே ஓடினான்? மொட்டைமாடிக்குப் போயிருப்பான். விட்ட சிகரெட்டை இன்றைக்கு ஒன்று பிடித்தால் பிடிக்கட்டும், பாவம். பெண்டாட்டி எதிரில் அழ வெட்கப்படுகிற ஜன்மம். வரட்டும். வந்ததும் எங்கிருந்து ஆரம்பிப்பது? துடிப்பு கேட்டதிலிருந்து சொல்லலாம். அது நல்ல நாள். அதை முதலில் சொன்னால் பாக்கியைத் தாங்கிக்கொள்வான்.

எழுந்து போய், அலமாரியில் மெனு ஃபைலுக்குள் ஒளித்து வைத்திருந்த ஸ்கேன் படத்தை எடுத்துவந்தாள். உள்ளங்கை அகலம், கறுப்பு வெள்ளை, நடுவில் ஒரு கொட்டை மாதிரி. மேஜையில் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். முகம் கழுவப் போனாள்.

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. கூடவே விளக்கு அணைந்தது. இருட்டில் அவன் பாடிக்கொண்டே வந்தான். பிறந்தநாள் பாட்டு.

மிரான் குளியலறை வாசலில் நின்றாள். கையில் கேக்கோடு வந்துகொண்டிருந்தான், அவளுடைய முப்பத்தொன்பது வயசுக்கு நீள மெழுகுவர்த்தி மூன்று, குட்டை மெழுகுவர்த்தி ஒன்பது, அத்தனையும் எரிந்துகொண்டிருந்தன. குரல் நடுங்க நடுங்க, தப்பு பண்ணின பிள்ளை மாதிரிப் பாடினான். அவள் வீட்டில் பிறந்தநாளைப் பழைய சந்திரக் கணக்கில்தான் பார்ப்பார்கள். வருஷத்துக்கு வருஷம் தேதி மாறும். இலையுதிர் காலத்தில் வரும் என்பதுதான் அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். இந்த வருஷம் அது வர இன்னும் மூன்று வாரம் இருந்தது.

அட பாவி மனுஷா!

"மன்னிச்சுக்கோ, மன்னிச்சுக்கோ," என்றான் பாட்டு முடிந்ததும். "இந்த வேலையில நாளே மறந்துபோச்சு. இனிமே மறந்தா என்னைச் செருப்பால அடி. வா, வந்து ஊது." கேக்கை மேஜையில் வைத்தான். இருட்டில் பார்க்கவில்லை. ஸ்கேன் படத்தின் மேலேயே வைத்துவிட்டான்.

"அதை எடுங்க." மிரானின் குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது. "அதுமேல வைக்காதீங்க. எடுங்க."

"எது மேல?" கேக்கைத் தூக்கினான். குனிந்து பார்த்தான். அவன் ஆபீசில் இந்த மாதிரிப் படத்தைக் கொண்டுவந்து காட்டாத இளசுகள் உண்டா? பார்த்ததும் தெரிந்துவிட்டது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவன் முகம் மெல்ல மலர்ந்தது. கண், வாய், நெற்றி, எல்லாம்.

"மிரான்," என்றான். "நிஜமாவா? நிஜமாவா, மிரான்? நமக்கா?"

இந்த முகத்தைப் பார்க்கத்தானே அவள் ஃபோனில் சொல்லாமல் வாரக்கணக்கில் வாயைப் பூட்டிக்கொண்டு இருந்தாள். ரெண்டு மூச்சு நேரம் அப்படியே விட்டாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்குமேல் விட முடியாது.

"போயிடுச்சுங்க," என்றாள்.

கேக் அவன் கையில் சாய்ந்தது. அவளே போய் வாங்கிக் கீழே வைத்தாள்.

"எப்போ?"

"செவ்வாய்க்கிழமை. ரெண்டு மணி இருக்கும்."

"செவ்வாய்க்கிழமை நான் பேசினேனே." அவன் எதையோ எண்ணுகிறவன் மாதிரி விரலை மடக்கினான். "ஏழு மணிக்குப் பேசினேனே. நீ ஒண்ணுமே சொல்லலையே. நான் பாட்டுக்கு நடந்தேன், காத்து வந்துச்சுன்னு..."

"நீங்க சந்தோஷமா இருந்தீங்க."

"அதனால?"

"அதனாலதான். எத்தனை மாசம் கழிச்சு அந்தக் குரல் வந்திருக்கு. நான் எப்படிங்க அதைக் கெடுப்பேன்?"

அவன் நாற்காலியில் உட்காரப் பார்த்து, குறி தவறித் தரையில் உட்கார்ந்தான். மெழுகு உருகிக் கிரீமில் சொட்டிக்கொண்டிருந்தது. யாரும் ஊதவில்லை.

"வலிச்சுதா?"

"வலிச்சுது."

"ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போன?"

"டாக்ஸியில."

"கூட யாரு வந்தா? உன் பள்ளிக்கூடத்து அக்கா வந்தாங்களா?"

"யாருக்கும் தெரியாதுங்க."

"யாராவது இருந்திருக்கணுமே மிரான். மயக்க மருந்து குடுக்கும்போது ஆள் கேப்பாங்களே. வீட்டு ஆளு எங்கன்னு கேப்பாங்களே." அவள் கால்விரலைப் பிடித்துக்கொண்டு கேட்டான், யாராவது ஒரு பெயரைச் சொல்லிவிடு என்று கெஞ்சுகிற மாதிரி. "கேட்டாங்களா இல்லையா?"

"கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

மிரான் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவன் தலையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தாள். இந்த நாலு நாளில் சொன்ன பொய்யே போதும் என்றிருந்தது.

"வெள்ளிக்கிழமை வருவாருன்னு சொன்னேன்."