பதினேழு முறை அழித்தது

ஒரு கவிதைத் தளத்தில் எனக்கு வேலை. கவிதைகளுக்குக் கீழே வந்து விழும் பின்னூட்டங்களில் ஆகாததை அழிக்க வேண்டும். கேட்க லேசாகத்தான் இருக்கும். செய்து பாருங்கள், மண்டை காய்ந்துவிடும்.

அதிலும் அந்த அமெரிக்கக் கவிதை இருக்கிறதே! போர் முடிந்து ஜெயித்த நேரத்தில் தலைவன் செத்துப்போனானே என்று அந்தக் காலத்துக் கவிஞர் ஒருவர் நாட்டுக்காகக் கதறியது. "சூப்பர்" என்று ஒருவன். "சுருக்கம் அனுப்புங்க, நாளைக்குப் பரீட்சை" என்று ஒருத்தி. "செத்தா இப்படி நாட்டுக்காகச் சாகணும், உடம்பு சிலிர்க்குது" என்று ஒரு மகராசன். உனக்கென்னப்பா, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நன்றாகச் சிலிர்ப்பாய். என் அண்ணன் எல்லைச் சண்டையில் செத்து ஆறு வருடமாகிறது. எங்கள் வீட்டில் யாருக்கும் சிலிர்க்கவில்லை.

'வாசகி' என்ற பெயரில் ஒரே பின்னூட்டம் திரும்பத் திரும்ப வரும். "தலைவருக்கு அழ நாடே இருக்கு" என்று ஆரம்பிக்கும். முதல் முறையே தளத்தின் ஆசிரியர், "அரசியல் வாடை அடிக்குது, தூக்கு" என்றார். அதன்பின் அந்த முதல் வரியைப் பார்த்ததுமே அழித்துவிடுவேன். பதினேழு முறை.

இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது அம்மா கைப்பேசியோடு வந்தாள். எனக்கு ஏதோ கணினி வேலை என்றுதான் அவளுக்குத் தெரியும்.

"ஏன்டி, இப்பத்தான் மறுபடி போட்டேன். எத்தனை தடவை போட்டாலும் நிக்கவே மாட்டேங்குது. என்னன்னு பாரு."

பார்த்தேன். அதே கவிதை. அதே வாசகி.

"தலைவருக்கு அழ நாடே இருக்கு. சண்டையில செத்த என் மகனுக்கு நானும் அவன் தங்கச்சியும்தான். அவளும் வீட்ல அவன் பேச்சையே எடுக்க மாட்டா. படிக்கிறவங்க அவனுக்கும் கொஞ்சம் அழுங்க."

"ஒவ்வொரு எழுத்தாத் தேடித் தேடி அடிக்கிறேன்டி. எந்தக் கட்டையில போறவன் அழிக்கிறானோ, அவன் கை விளங்குமா?"

"நான்தாம்மா அழிச்சேன்."

அம்மா என்னையே பார்த்தாள்.

"படிச்சுட்டா அழிச்ச?"

"இல்லம்மா."

"படிச்சுட்டு அழிச்சிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வழியெல்லாம் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆசிரியர் மேல், அந்தச் சிலிர்ப்புக்காரன் மேல், எல்லாரையும்விட என் மேல். நாலே வரி. படிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அலுவலகத்தில் அதை அழிக்காமல் விட்டேன். பத்து நிமிடத்தில் ஆசிரியர் வந்து நின்றார்.

"என்னம்மா இது? தூக்குன்னு சொன்னேன்ல?"

எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன். "உக்காருங்க சார். முழுசாப் படிங்க. படிச்சுட்டு உங்க கையாலயே அழிங்க. அது எங்கம்மா எழுதினது."

உட்கார்ந்தார். படித்தார். மவுஸ் மேல் வைத்த கையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனார்.

நான் உட்கார்ந்து அதற்குக் கீழேயே எழுதினேன்: "நான் அவன் தங்கச்சி. இதைப் பதினேழு தடவை அழிச்சது நான்தான்."