அரைக்கால் வீசை ராஜ்மா

...ராஜ்மா என்றால் முந்தின நாளே ஊறப்போட வேண்டும், ஊறினால் இரண்டு மடங்கு ஆகும், இரண்டு மடங்கு ஒரு ஆளுக்கு எதற்கு, ஒரு ஆள்தானே நான், அருள்ஜோதி, புருஷன் செத்துப் போனார், மகன் மலேசியாவில், வார்டு ஆபீஸ் பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது, அந்த ஆபீஸ்காரரே இதோ கடை வாசலில் முக்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார்... காராமணி வாங்கிவிடலாமா, சீக்கிரம் வேகும், குக்கர் விசில் குறையும், மேல்மாடிக்குக் கேட்காது. ஆனால் மகன் லூர்து ராஜ்மாதான் கேட்டான். ஏர்போர்ட் பக்கம் மிங்கலாடோனில் ஹோட்டல் சமையல்கட்டில் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்டானாம், சில்லி என்று பேர், பயறும் தக்காளியும் கொத்துக்கறியும் மிளகாயுமாகக் கொதிக்கக் கொதிக்கத் தின்பார்களாம். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் பட்டியலில் பேர் வந்ததிலிருந்து பதினோரு மாதமாக உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை, வாய் திறந்து ஒன்று கேட்டது இதுதான் முதல் தடவை, இதைக்கூடச் செய்து போடாவிட்டால் நான் என்ன தாய்? சாமான்களைச் சீட்டில் எழுதிக் கொடுத்தான். மனப்பாடம் செய்துகொண்டு சீட்டை அடுப்பில் போட்டேன், அவன் கையெழுத்தை வைத்துக்கொண்டு லான்மடாவ் கடைத்தெருவில் நடக்க முடியுமா.

கடைக்காரர் முத்து முகம்மது சாக்கைப் பிரித்துக் காட்டுகிறார், கை விட்டு அள்ளிப் பார்க்கிறேன், சுருக்கமில்லை, ஓட்டையில்லை, நல்ல பயறு. கால் வீசை என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது, விழுங்கிக்கொண்டு அதில் பாதி, அரைக்கால் என்றேன். இரண்டு பேருக்குக் காணாது, பரவாயில்லை, என் வயிற்றுப்புண்ணுக்கு அந்தக் காரம் ஆகாது, நான் கஞ்சி குடித்துக்கொள்வேன். தக்காளி நான்கு... நான்கு அதிகமோ, மூன்று. வெங்காயம் இரண்டு. கொத்துக்கறி வேண்டாம், கறிக்கடைக்காரி நூறு கேள்வி கேட்பாள். ஆபீஸ்காரர் பர்மீஸில் விசாரிக்கிறார், வீட்டுக்கு விருந்தாளி யாராவது வந்திருக்கிறார்களா, ராத்தங்கினால் எழுதிக் கொடுக்க வேண்டும் தெரியுமில்லையா, சிரித்துக்கொண்டேதான் கேட்கிறார். எனக்கு யார் வரப்போகிறார்கள் என்று நானும் சிரித்தேன், குரல் நடுங்கவில்லை, பரவாயில்லையே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அந்தத் தைரியத்தில் காய்ந்த மிளகாயும் ஒரு கைப்பிடி, நல்ல காரமாகப் பார்த்துப் போடுங்கள் என்று சொன்னேன்.

முத்து முகம்மதின் கை அப்படியே நின்றது. ஒரு கணம் ஆபீஸ்காரரைப் பார்த்தார். மிளகாயைத் தராசில் போடவே இல்லை, பையின் அடியில் திணித்து, அதன் மேல் ராஜ்மாவைக் கொட்டி, வாயை இறுக்கி முடிந்தார். பையை நீட்டும்போது குனிந்து, தமிழில், மெதுவாகச் சொன்னார்.

"அடுத்த தடவ மிளகா வேற கடையில வாங்குங்கக்கா."

ஏன், இவர் மிளகாய் நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே பத்து எட்டு நடந்திருப்பேன், அப்போதுதான் உறைத்தது. போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, இனிமேல் மிளகாய் வாசனைகூட ஆகாதாம் என்று இதே கடை வாசலில் ஊருக்கே கேட்கப் புலம்பியது நான்தானே... பயறை அளந்தேன், தக்காளியை எண்ணினேன், பாவி, மிளகாயை மறந்தேனே. இவருக்கு எத்தனை நாளாகத் தெரியும்? காப்பாற்றுகிறாரா, இல்லை, தன் கடைக்கு வம்பு வேண்டாம் என்கிறாரா? அன்றைக்கும் முக்காலியில் யாரோ டீ குடித்துக்கொண்டு இருந்தார்களே, யார் அது, முகம் ஏன் நினைவுக்கு வரவில்லை... பின்னால் முக்காலி நகர்கிற சத்தம் கேட்கிறது. வீட்டுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும், நான் நேராகவே நடந்துகொண்டிருக்கிறேன்.